ஈ1 எத்தனை வேண்டும்: ஐந்தில் தொடங்கி ஏழில் நின்ற ஒரு ஷீட்

கடைசியாக ஓடிய பதிப்பு சொன்ன எண் 7. முதல் பதிப்பு சொன்னது 5. கேள்வி மட்டும் மாறவில்லை. கோப்பு நகர்த்தும் மென்பொருள் "வினாடிக்கு 1.2 எம்பி" என்று காட்டும் ஒரு பேக்அப் ஓட்டத்தை ஈ1 லைன்களில் (டெலிகாம் நிறுவனங்கள் தரும், 2.048 எம்பிபிஎஸ் வேகப் பழைய டிஜிட்டல் லைன்) ஏற்ற எத்தனை லைன் வேண்டும்? இணையத்தில் கிடைக்கும் எந்த மாற்றியில் போட்டாலும் 4.69 ஈ1 என்று வரும். பின்னத்தில் லைன் கிடைக்காது என்பதால் 5. ஐந்து ஈ1-ஐ ஒன்றாகக் கட்டிச் சோதனைப் பெஞ்சில் ஓட்டியபோது வேகம் 1.11-ஐத் தாண்டவே இல்லை. ரவுட்டரின் வரிசை நிரம்பிப் பாக்கெட்டுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

அந்த 1.11-க்கும் 1.2-க்கும் இடையே எது எது எங்கே போனது என்று ஒவ்வொன்றாகப் பிடித்ததன் பதிவு இது. பழைய லைன்களில் இன்னமும் டேட்டா ஏற்றுபவர்களுக்கும், பழைய லைன்களைப் பெயர்த்து ஐபி-க்கு மாற்றுபவர்களுக்கும் ஒரே ஷீட் போதும். ஆனால் அது வெறும் வகுத்தலாக இருக்க முடியாது.

பெஞ்சில் இருந்தவை

எட்டு ஈ1 போர்ட் கொண்ட கார்டு போட்ட இரண்டு ரவுட்டர், அவற்றின் பின்னால் ஆளுக்கொரு லினக்ஸ் கணினி, வேகம் அளக்கும் மென்பொருளான ஐபெர்ஃப் 2-உம் ஐபெர்ஃப் 3-உம், ஒரு ஈ1 டெஸ்டர், ஒரு ஸ்பிரெட்ஷீட். கேபிள் மட்டும் கையால் கிரிம்ப் செய்தது. ஈ1, அதன் அமெரிக்க இணையான டீ1 இரண்டிலும் ஒரு ஜோடி 1, 2 பின்களிலும் மற்ற ஜோடி 4, 5 பின்களிலும் வரும். எனவே இரண்டு ரவுட்டரை நேராக இணைக்க 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் போட வேண்டும். கையில் கிடந்த ஈதர்நெட் கிராஸ்ஓவரைச் செருகினால் லைன் எழாது. அதில் 1 போவது 3-க்கு, 2 போவது 6-க்கு. ஒரு பக்கம் 75 ஓம் பிஎன்சி (கோஆக்சியல் கேபிள்), மறுபக்கம் 120 ஓம் ஜோடி என்றால் நடுவில் இரண்டையும் பொருத்தும் பேலன் வேண்டும்.

லைன் எழுந்ததும் முதலில் டெஸ்டர்தான், ஐபெர்ஃப் அல்ல. 2-இன் 15-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த நீளமுள்ள வழக்கமான சோதனைத் தொடரை ஒரு மணி நேரம் ஓட்டினால் சுமார் 737 கோடி பிட் கடக்கும். அதில் ஒரு பிட் பிழைகூட வரக் கூடாது. பெஞ்சில் இருக்கும் கேபிள் மூன்று மீட்டர். அதிலேயே பிழை வந்தால் கிரிம்ப்தான் காரணம்.

முதல் பதிப்பு: வெறும் அட்டவணை

எல்லாவற்றுக்கும் அடி டிஎஸ்0, அதாவது ஒரு குரல் சேனல். குரலை வினாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64,000 பிட். அமெரிக்க முறையில் 24 டிஎஸ்0-வுடன் ஃபிரேமுக்கு 1 பிட் சேர்த்து 193 பிட். அதை 8000-ஆல் பெருக்கினால் டீ1, 1.544 எம்பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை பத்து லட்சம் பிட்). ஐரோப்பிய முறையில் 32 டைம்ஸ்லாட், 256 பிட், 8000 தடவை: ஈ1, 2.048 எம்பிபிஎஸ். மேலே, பல லைன்களைச் சேர்த்த பெரிய லைன்கள்: ஈ3 34.368, டிஎஸ்3 44.736, எஸ்டிஎம்-1 155.52. ஓசி-1 என்பது 51.84, ஓசி-3-உம் எஸ்டிஎம்-1-உம் ஒரே வேகம்.

இவற்றை ஒரு பத்தியில் எழுதி, கேட்ட வேகத்தை ஒவ்வொன்றாலும் வகுத்ததுதான் முதல் பதிப்பு. மாற்றிகள் செய்வதும் இவ்வளவுதான். அலகு மாற்றம் என்ற வகையில் தப்பே இல்லை. லைன் எண்ணிக்கை என்ற வகையில் ஒவ்வொரு வரியும் தப்பு.

முதல் ஓட்டை: எந்த மெகா

8-ஆல் பெருக்க மறப்பது ஆரம்பப் பிழை. அதை யாரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள், விடை எட்டு மடங்கு தள்ளி நிற்கும். 1000-க்கும் 1024-க்கும் உள்ள வேறுபாடு அப்படிக் கண்ணில் படாது. கோப்பு மென்பொருள் காட்டிய "எம்பி" உண்மையில் 1,048,576 பைட். 1.2-ஐ அதால் பெருக்கி, 8-ஆல் பெருக்கினால் 10.066 எம்பிபிஎஸ். முதல் பதிப்பில் இருந்தது 9.6. கிட்டத்தட்ட 5% இங்கேயே போயிற்று.

டெலிகாம் பக்கத்தில் கிலோ என்றால் எப்போதும் 1000. 64 கேபிபிஎஸ் என்பது 64,000, 65,536 அல்ல. இதில் ஆளை மிகவும் ஏமாற்றுவது ஈ1தான். 2.048 என்ற எண்ணைப் பார்த்ததும் கணினிக்காரர்களுக்கு 2 பெருக்கல் 1024 என்று தோன்றும். "அப்படியானால் ஈ1 என்பது சரியாக 2 மெகா" என்று ஷீட்டில் 2-ஐப் போட்டுவிடுவார்கள். அது 32 பெருக்கல் 64,000. இரண்டின் அடுக்குகள் ஒன்றாக வந்து விழுந்த தற்செயல், அவ்வளவுதான். டீ1-இன் 1.544-ஐப் பார்த்து யாரும் இந்தத் தப்பைச் செய்வதில்லை.

ஷீட்டில் இதற்கு வைத்த தீர்வு சாதாரணமானது: உள்ளிடும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டாயத் தேர்வு. பைட்டா பிட்டா, 1000-ஆ 1024-ஆ. தேர்வு காலியாக இருந்தால் விடைக் கட்டமும் காலி.

இரண்டாம் ஓட்டை: லைன் வேகம் வேறு, நமக்குக் கிடைப்பது வேறு

ஈ1-இன் 32 டைம்ஸ்லாட்டில் முதலாவது, அதாவது 0-ஆவது, ஃபிரேமைப் பிடித்து வைப்பதற்கு. மிச்சம் 31, அதாவது 1.984 எம்பிபிஎஸ். 16-ஆவது ஸ்லாட் சிக்னலிங்குக்கு ஒதுக்கப்பட்ட லைன் என்றால் 30 ஸ்லாட், 1.920. ஃபிரேமே இல்லாமல் முழு 2.048-ஐயும் டேட்டாவுக்குத் தரும் லைன்களும் உண்டு. மூன்றும் "ஈ1" என்றே பெயர் பெறும். லைன் தருபவரிடம் கேட்காமல் ஷீட்டில் எந்த எண்ணைப் போட்டாலும் அது ஊகம்தான்.

டீ1-இல் ஃபிரேம் பிட் 8 கேபிபிஎஸ் மட்டும் எடுக்கும், கிடைப்பது 1.536. ஆனால் பழைய ஏஎம்ஐ குறியீட்டில் ஓடும் டீ1 வேறு கதை. நீண்ட நேரம் பூஜ்ஜியமாகவே போனால் எதிர்முனை தாளம் தப்பிவிடும் என்பதால், ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டை விட்டுவிட்டு 7 பிட்டில் மட்டும் டேட்டா போகும். டிஎஸ்0 56 கேபிபிஎஸ் ஆகிறது, 24-க்கு 1.344. 1.544 என்று நினைத்ததில் 13% காணோம். பி8இசட்எஸ் குறியீடு இருந்தால் இந்த இழப்பு இல்லை.

பெரிய லைன்களிலும் இதே கதை, சதவீதம்தான் மாறும். பிரிக்காமல் முழுதாகப் பயன்படுத்தும் டிஎஸ்3-இல் 4760 பிட் ஃபிரேமில் 56 பிட் போக 44.21 எம்பிபிஎஸ். ஈ3-இன் பழைய ஃபிரேமில் 1536-க்கு 12 பிட் போக 34.10. எஸ்டிஎம்-1-இல் 270 பத்திகளில் 9 மேலாண்மைக்கு, 1 பாதைத் தலைப்புக்கு. மிச்சம் 260 பத்தி, 149.76 எம்பிபிஎஸ். ஓசி-3-ஐ மூன்று தனித்தனி எஸ்டிஎஸ்-1 ஆகக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் கிடைப்பது 48.384, மூன்றுக்கும் 145.152. அதே நாரில், அதே வேகத்தில், ஒட்டித் தருவதா பிரித்துத் தருவதா என்பதற்கே 4.6 எம்பிபிஎஸ் வித்தியாசம்.

ஷீட்டில் இப்போது ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு பத்திகள்: லைன் வேகம், கிடைக்கும் வேகம். வகுப்பது இரண்டாவதால் மட்டும். முதலாவது கண்ணுக்கு.

மூன்றாம் ஓட்டை: பூஜ்ஜியம் திணிக்கும் வேலை

இங்கேதான் நேரம் அதிகம் போனது. ஒரே ஒரு ஈ1-ஐ, 31 ஸ்லாட்டில், பிபிபி (இரு முனைகளுக்கிடையே பாக்கெட்டைப் பொதிந்து அனுப்பும் நெறிமுறை) போட்டு ஓட்டினோம். டிசிபி ஓட்டம், 1500 பைட் பாக்கெட், அதில் 1448 பைட் டேட்டா. பிபிபி ஒரு பாக்கெட்டுக்கு 7 பைட் சேர்க்கும்: கொடி 1, முகவரி 1, கட்டுப்பாடு 1, நெறிமுறை எண் 2, சரிபார்ப்பு 2. கணக்குப்படி 1,984,000-ஐ 1507 பைட்டின் பிட்டுகளால் வகுத்தால் வினாடிக்கு 164.6 பாக்கெட், டேட்டா 1.906 எம்பிபிஎஸ். ஐபெர்ஃப் 2 அதைத்தான் காட்டியது. சரி, முடிந்தது என்று எழுதி வைத்தாயிற்று.

பிறகு ஐபெர்ஃப் 3-இல் ஓட்டியபோது அதே லைனில் 1.88-க்குக் கீழே நின்றது. கேபிளை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம், அசையவில்லை. கருவிகள் இரண்டும் அளப்பதில் தப்புச் செய்யவில்லை. அனுப்பும் சரக்குதான் வேறு.

லைனில் ஒரு பாக்கெட்டின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லும் கொடி 01111110. இந்த வடிவம் டேட்டாவுக்குள் தற்செயலாக வந்துவிடக் கூடாது என்பதால், தொடர்ந்து ஐந்து 1 வந்தால் உடனே ஒரு 0-ஐ, லைனில் ஃபிரேம் கட்டும் ஹெச்டிஎல்சி வன்பொருள் திணித்துவிடும். எதிர்முனை அதை எடுத்துவிடும். தாறுமாறான டேட்டாவில் சராசரியாக 62 பிட்டுக்கு ஒரு 0 திணிக்கப்படும், அதாவது 1.6%. ஐபெர்ஃப் 3 வழக்கமாக அனுப்புவது அப்படித் தாறுமாறான பைட்டுகள். ஐபெர்ஃப் 2 அனுப்புவதோ 0 முதல் 9 வரையிலான இலக்க எழுத்துகள், திரும்பத் திரும்ப. அந்தப் பத்து எழுத்துகளையும் லைனில் போகும் வரிசையில், கடைசி பிட் முதலில் வருமாறு எழுதிப் பாருங்கள்: 0 என்பது 00001100, 7 என்பது 11101100, 8 என்பது 00011100. எல்லாமே 00-இல்தான் முடிகின்றன. ஒரு பைட்டிலிருந்து அடுத்த பைட்டுக்கு 1-கள் தொடர வழியே இல்லை. ஒரு பைட்டுக்குள்ளும் மூன்றுக்கு மேல் வராது. ஆகவே திணிப்பு என்பதே இல்லை. ஐபெர்ஃப் 3-இல் திரும்பத் திரும்ப ஒரே சரக்கை அனுப்பும் தேர்வைப் போட்டதும் அதுவும் 1.906-க்கு வந்துவிட்டது.

அடுத்த முனையையும் பார்க்கலாம் என்று எல்லாப் பிட்டும் 1 ஆன ஒரு கோப்பை உருவாக்கி, ஐபெர்ஃப் 3-க்கு அந்தக் கோப்பையே சரக்காகக் கொடுத்தோம். ஒவ்வோர் ஐந்துக்கும் ஒரு 0. டேட்டா ஐந்தில் ஒரு பங்கு வீங்குகிறது. கணக்கு சொன்னது வினாடிக்கு 138 பாக்கெட், 1.6 எம்பிபிஎஸ். லைன் ஒன்று, ரவுட்டர் ஒன்று, அமைப்பு ஒன்று. ஏற்றும் கோப்பைப் பொறுத்து 1.906, 1.876, 1.6 என்று மூன்று விடை.

சுருக்கப்பட்ட அல்லது மறையாக்கப்பட்ட டேட்டா தாறுமாறான டேட்டா போலவே இருக்கும் என்பதால் ஷீட்டில் 1.6%-ஐ நிலையாக வைத்தோம். எஸ்டிஎம்-1 மேல் ஓடும் பிபிபி-யில் பிட் திணிப்பு இல்லை, பைட் திணிப்பு: கொடி பைட்டும் விலக்கு பைட்டும் வந்தால் மட்டும் ஒரு பைட் கூடும். 256-இல் 2, அதாவது 0.8%.

இடையில் ஒரு வெட்டி அலைச்சல்

மூன்றாம் ஓட்டையைத் தேடும்போது நடுவில் ஒரு நாள் முழுக்க வீணானது கிளாக்கால். புதிதாக இணைத்த இரண்டு ரவுட்டரிலும் கிளாக் "உள்" என்றே இருந்தது. ஈ1 கிளாக்குக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் பத்து லட்சத்துக்கு 50. இரண்டு கருவிகளும் எதிரெதிர்த் திசையில் எல்லைவரை விலகினால் வித்தியாசம் 100. 125 மைக்ரோவினாடி நீளமுள்ள ஒரு ஃபிரேம் 1.25 வினாடிக்கு ஒருமுறை நழுவும். நல்ல கருவிகளில் வித்தியாசம் 5 என்று வைத்தாலும் 25 வினாடிக்கு ஒரு ஸ்லிப். ஒவ்வொரு ஸ்லிப்பிலும் அப்போது லைனில் இருந்த பாக்கெட் சரிபார்ப்பில் தோற்று விழும், டிசிபி வேகத்தைக் குறைக்கும், அளவு குறைவாக வரும். கணக்கில் இல்லாத ஓவர்ஹெட் எங்கோ இருக்கிறது என்று சூத்திரத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

ரவுட்டரின் ஸ்லிப் எண்ணி (கவுண்டர்) ஏறுகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு முனை உள், மறுமுனை லைனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிஆர்சி-4 (ஃபிரேம் பிழைச் சரிபார்ப்பு) இரு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஏழு வந்த வழி

இப்போது பழைய கேள்வி. 10.066 எம்பிபிஎஸ் டேட்டா. டிசிபி, ஐபி தலைப்புகளுக்காக 1500-ஆல் பெருக்கி 1448-ஆல் வகுத்தால் 10.428. பல லைனை ஒன்றாகக் கட்டுவதால் மல்டிலிங்க் பிபிபி. கூடுதலாக 4 பைட் வரிசைத் தலைப்பும் உள் நெறிமுறை எண் 2 பைட்டும். துண்டாக்காமல் அனுப்பினால் 1500 பைட் பாக்கெட் 1513 ஆகிறது. திணிப்பும் சேர்ந்தால் 2.5% கூடுதல், 10.688 எம்பிபிஎஸ். இதை 1.984-ஆல் வகுத்தால் 5.39. அதாவது ஆறு லைன் இருந்தால்தான் மூச்சு விடலாம்.

லைனை 100% நிரப்பி ஓட்டுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். 80% இலக்கு வைத்தால் 6.73, மேல்நோக்கி 7. டீ1-ஆக இருந்தால் 1.536-ஆல் வகுத்து 80% வைத்து 8.70, அதாவது 9. மாற்றி சொல்லியிருக்கும் எண் 6.22. பெஞ்சில் ஏழு ஈ1-உடன் 1.2 அலுங்காமல் ஓடியது.

இதில் ஒரு முறை வரிசை தவறி, முன்கூட்டியே மேல்நோக்கி முழு எண்ணாக்கிய தப்பும் உண்டு. 5.39-ஐ முதலில் 6 ஆக்கிவிட்டு, பிறகு 0.8-ஆல் வகுத்து மறுபடி மேல்நோக்கினால் 8 வரும். முழு எண்ணாக்குவது ஒரே ஒரு தடவை, கடைசிக் கட்டத்தில்.

நான்காம் ஓட்டை: பெரிய லைனுக்குள் சின்ன லைன்

லைன் எண்ணிக்கை 12, 13 என்று ஏறும்போது "ஒரு ஈ3 எடுத்துவிடலாமா" என்ற கேள்வி வரும். ஷீட்டின் பழைய பதிப்பில் ஈ3-ஐ ஈ1-ஆல் வகுத்து 16.78 என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வைத்து 33 ஈ1-க்கு 1.97 ஈ3, ஆகவே இரண்டு போதும் என்று காட்டியது. போதாது, மூன்று வேண்டும். ஒரு ஈ3-க்குள் 16 ஈ1தான். தனித்தனிக் கிளாக்கில் ஓடிவரும் லைன்களைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் சின்னச் சின்ன விலகலையும் விழுங்குவதற்காக இட்டுநிரப்பும் பிட்டுகள், ஃபிரேம் பிட்டுகள் என மிச்ச இடம் போய்விடுகிறது. வகுத்து வரும் எண் இங்கே பொருளற்றது. பொருத்திப் பார்த்த எண்தான் செல்லும்.

ஷீட்டில் கையால் தட்டிவைத்த எண்கள் இவை:

ஈ2: 4 ஈ1
ஈ3: 16 ஈ1
ஈ4, 139.264 எம்பிபிஎஸ்: 64 ஈ1
டிஎஸ்3: 28 டீ1, அல்லது 672 டிஎஸ்0; வகுத்தால் 28.97
எஸ்டிஎம்-1: 63 ஈ1, வகுத்தால் 75.9
எஸ்டிஎம்-1: 84 டீ1, வகுத்தால் 100.7

எஸ்டிஎம்-1-இல் இழப்பு இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் பெட்டி அளவு. ஒரு ஈ1-க்கு நான்கு பத்தி, ஒன்பது வரிசை, ஆக 36 பைட் பெட்டி; 2.304 எம்பிபிஎஸ். அப்படி 7-இன் 3 மடங்கு, அதன் 3 மடங்கு: 63. டீ1-ஐ அதற்கான சின்னப் பெட்டியில் வைக்காமல் ஈ1 பெட்டியில் வைக்கும் அமைப்பு என்றால் டீ1-உம் 63தான். 84 என்று நம்பித் திட்டமிட்டவர் 21 லைனுக்கு இடமில்லாமல் நிற்பார்.

இன்னொரு பொறி. எஸ்டிஎம்-1-இல் மூன்று ஈ3 ஏறும். ஒவ்வொன்றிலும் 16 ஈ1 என்றால் மொத்தம் 48. நேராக ஏற்றினால் 63. ஏற்கெனவே ஈ3-ஆக வந்து சேர்ந்த லைன்களை அப்படியே எஸ்டிஎம்-1-இல் செருகினால் 15 ஈ1-க்கான இடம் வீண், 34.368-ஐ 48.384 இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டோம். டிஎஸ்3-இல் இந்த வீண் இல்லை: 3-இன் 28 மடங்கும் 84தான். "எந்த வழியாக" என்று ஷீட்டில் ஒரு தேர்வு இதற்காகவே வந்தது.

ஈதர்நெட்டை எஸ்டிஎச் (எஸ்டிஎம்-1 லைன்களின் முறை) மேல் ஏற்றுபவர்களுக்கும் இதே ஷீட் உதவியது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு விசி-3 என்ற பெட்டி இரண்டு என்று பொதுவாகப் போடுவார்கள், 96.768. முழு நீள ஃபிரேம்களில் 100-ஐயும் நிரப்பினால், இடைவெளிகள் உதிர்ந்து ஈதர்நெட்டைப் பொதியும் ஜிஎஃப்பி முறையின் தலைப்பு 8 பைட் சேர்ந்தபின் தேவை 99.2. கொஞ்சம் உதிரும். விசி-12 பெட்டி 46 போட்டால் 100.096, சரியாக அடங்கும்.

உள்ளிடும் எண் எங்கிருந்து வந்தது

ஓடிக்கொண்டிருக்கும் லைனை அளந்து மாற்றச் சொன்னால் பெரும்பாலும் கையில் இருப்பது எஸ்என்எம்பி (கருவிகளின் எண்ணிகளைத் தொலைவிலிருந்து படிக்கும் முறை) வரைபடம். அதில் இரண்டு விஷயம்.

முதலாவது எண்ணி சுற்றிவிடுவது. 32 பிட் பைட் எண்ணி 4,294,967,296-இல் மறுபடி பூஜ்ஜியமாகும். 149.76 எம்பிபிஎஸ் நிரம்பி ஓடும் எஸ்டிஎம்-1-இல் அதற்கு 229 வினாடி போதும். வரைபடக் கருவி 300 வினாடிக்கு ஒருமுறை படித்தால் ஒரு முழுச் சுற்று கணக்கிலேயே வராது. நிரம்பி வழியும் லைன் 35.2 எம்பிபிஎஸ் என்று தெரியும். அந்த எண்ணைப் பார்த்து "ஒரு ஈ3 கிட்டத்தட்டப் போதும்போல" என்று முடிவெடுக்கும் அளவுக்கு நம்பும்படியாக இருக்கும், அதுதான் சிக்கல். 64 பிட் எண்ணியைப் படிக்க வேண்டும். அது இல்லாத கருவியில் படிக்கும் இடைவெளியை 60 வினாடியாக்க வேண்டும்.

இரண்டாவது, ஈதர்நெட் போர்ட்டில் அளந்ததை ஈ1-க்கு அப்படியே கொண்டுபோக முடியாது. பைட் எண்ணிக்கையோடு பாக்கெட் எண்ணிக்கையும் வேண்டும். ஈதர்நெட் எண்ணியில் பாக்கெட்டுக்கு 18 பைட் தலைப்பும் சரிபார்ப்பும் சேர்ந்திருக்கும். அதைக் கழித்துவிட்டு பிபிபி-யின் 7-ஐச் சேர்க்க வேண்டும். சின்னப் பாக்கெட்டுகள் அதிகம் என்றால் ஈ1 பக்கம் தேவை குறையும். 40 பைட் டிசிபி ஒப்புதல் ஒன்று ஈதர்நெட்டில் இட்டுநிரப்பல், முன்னொலி, இடைவெளி எல்லாம் சேர்ந்து 84 பைட் நேரம் எடுக்கும். பிபிபி-யில் 47 பைட். 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட் அத்தகைய பாக்கெட்டுகளால் நிரம்பினால் வினாடிக்கு 14,880. பிபிபி-யில் அது 5.6 எம்பிபிஎஸ், திணிப்பையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஷீட் இதுவரை கூட்டிக்கொண்டே போனது. குறைத்துக் காட்டிய ஒரே இடம் இது.

நடுவில் ஏடிஎம் (எல்லாவற்றையும் 53 பைட் செல்களாக வெட்டி அனுப்பும் முறை) இருந்தால் எதிர்த்திசை. 1500 பைட் பாக்கெட் 32 செல், 1696 பைட். 40 பைட் ஒப்புதல் வழக்கமான தலைப்புகளுடன் 56 ஆகி ஒரு செல்லில் அடங்காமல் இரண்டாவதுக்குத் தாவும், 106 பைட். எஸ்டிஎம்-1-இல் 149.76-இல் செல் தலைப்பு போகக் கிடைப்பது 135.63 மட்டும்.

தலைகீழ்ப் பக்கம்: ஈ1-ஐ ஐபி-யில் ஏற்றும்போது

ஷீட்டின் இரண்டாம் தாள் இது. ஈ1-ஐ அப்படியே பாக்கெட்டாக்கி அனுப்பும் முறையில், வழக்கமான 256 பைட் துண்டுக்கு வினாடிக்கு 1000 பாக்கெட். பாக்கெட்டை லேபிள் வைத்து வழிநடத்தும் எம்பிஎல்எஸ் மேல் இரண்டு லேபிள், ஒரு கட்டுப்பாட்டுச் சொல், ஈதர்நெட் எல்லாம் சேர்த்து 50 பைட் கூடும், 2.448 எம்பிபிஎஸ். ஐபி, யுடிபி, ஆர்டிபி மேல் 82 பைட் கூடி 2.704. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் முதலாவது 40 ஏறும், இரண்டாவது 36.98, அதாவது 36. அந்த 0.98-ஐப் பார்த்து 37-ஆவதை ஏற்றிவிட்டால் ஒன்றல்ல, எல்லா ஈ1-இலும் பிழை தெறிக்கும், ஏனெனில் உதிரும் பாக்கெட் யாருடையது என்று ஈதர்நெட் பார்ப்பதில்லை.

தாமதத்தைக் குறைக்க ஒரு பாக்கெட்டில் ஒரே ஃபிரேம் வைத்துப் பார்த்தோம். 32 பைட் டேட்டா, லேபிள்களுடன் 44. ஈதர்நெட்டின் குறைந்தபட்சத்துக்கு 2 பைட் இட்டுநிரப்பல். லைனில் 84 பைட், வினாடிக்கு 8000 தடவை: 5.376 எம்பிபிஎஸ். ஒரு ஈ1-க்கு இரண்டரை மடங்குக்கும் மேல். மிச்சமான தாமதம் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. திருப்பி 256-க்கே போனோம்.

குரலுக்கும் ஒரு வரி. ஈ1-இல் 30 அழைப்பு. அதே ஈ1-இல் பிபிபி போட்டு, 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கில் ஜி.711 குறியீட்டில் விஓஐபி (ஐபி மேல் குரல்) ஓட்டினால் ஓர் அழைப்புக்கு 84.1 கேபிபிஎஸ்; ஏறுவது 23. குரலைச் சுருக்கும் ஜி.729-க்கு மாறினால் 27.2 கேபிபிஎஸ், 72 அழைப்பு. "30 சேனல் லைன், ஆகவே 30 விஓஐபி" என்பது இந்த வேலையில் அடிக்கடி கேட்கும் தப்புக் கணக்கு.

அடுத்த முறை செய்ய நினைப்பவை

டெஸ்டரை அடுத்து முதல் வேலையாக ஸ்லிப் எண்ணியைப் பார்ப்பது. ஐபெர்ஃப் சோதனையை எப்போதும் இரண்டு சரக்கோடு ஓட்டுவது, ஒன்று தாறுமாறு, ஒன்று முழுக்க 1. சராசரிப் பாக்கெட் நீளத்தை ஷீட்டில் 1500 என்று நிலையாக வைத்திருக்கிறது. அதை எண்ணிகளிலிருந்து தானாக எடுக்கும்படி மாற்ற வேண்டும், ஏனெனில் 300 பைட் சராசரியில் மல்டிலிங்கின் 13 பைட் என்பது 4%-க்கு மேல் போய்விடுகிறது. கட்டில் உள்ள லைன்களில் ஒன்று வேறு வழியாகச் சுற்றி வந்தால் தாமத வித்தியாசத்தால் எதிர்முனை பாக்கெட்டுகளைக் காத்துவைத்து வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்; அதற்கு ஷீட்டில் இன்னும் கட்டம் இல்லை, பெஞ்சில் எல்லாக் கேபிளும் மூன்று மீட்டர்தான். 80% என்ற கட்டத்தைப் பூட்டாமல் விட்டிருக்கிறது. குரல் மட்டும் ஓடும் லைனில் அதை 95 ஆக்கலாம். பேக்அப் ஓடும் லைனில் 80-க்கு மேல் ஏற்றினால் அதே லைனில் இருக்கும் மற்றவர்களின் பாக்கெட் வரிசையில் நிற்கும்.